டப்பா வெறுமையாகத் திரும்பி வந்தது

1

நம் தெருவில் கடல்பாசி இனிப்பு போன தட்டு வெறும் தட்டாகத் திரும்பாது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களும் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். நோன்பு மாதத்தில் மாலையானால் தட்டுகள் வீடு வீடாகப் போகும். வாங்கிக்கொண்டவர்கள் தட்டைக் கழுவி, அதில் ஏதாவது வைத்துத்தான் திருப்பித் தருவார்கள். வடை இருந்தால் வடை. பேரீச்சம்பழம் இருந்தால் அது. ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு பிடி சர்க்கரை விழும். வெறும் தட்டு வந்தால் அந்த வீட்டோடு பேச்சு முடிந்தது என்று பொருள்.

போன வாரம் எனக்கு ஒரு டப்பா வெறுமையாக வந்தது. அனுப்பியவள் நான் பெற்ற மகள்.

பாரிஸுக்கு வெளியே, ரயிலில் வந்துபோகிற தூரத்தில், ஒரு பெரிய கட்டடத்தின் நாலாவது மாடியில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். ரிஹானா இப்போது எங்களோடு இல்லை. ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணம் ஆகாத பெண் தனியாக இருக்கிறாள் என்று ஊரில் சொல்ல முடியவில்லை. வேலை தூரம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

நோன்பு பாதி ஆனபோது ரொட்டி வட்டலப்பம் என்கிற அவித்த இனிப்பைச் செய்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, அவரிடம் கொடுத்து அனுப்பினேன். கடை வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்தார். "வாங்கிக்கிச்சு" என்றார்.

மூன்று நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது டப்பா ஒரு பையில் கதவுப் பிடியில் தொங்கியது. மணியை அடிக்கவில்லை. உள்ளே அவர் இருந்தார். மாடி ஏறி வந்து, கதவு வரைக்கும் வந்து, மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

திறந்து பார்த்தேன். சோப்பு வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

2

நான் காரைக்கால் பக்கம் அம்பகரத்தூரில் பிறந்தவள். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் இதைப் பத்திரிகையில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

இங்கே அதிகாலையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தைத் துடைக்கிற வேலை. முந்தின நாள் பிள்ளைகள் தின்னாமல் விட்ட ரொட்டி ஒரு பையில் இருக்கும். நீளமான ரொட்டி, பாகெத் என்பார்கள். அன்றைக்கே தின்றால்தான் ரொட்டி. மறுநாள் கட்டை. அடித்தால் ஆள் விழுவான். குப்பைக்குப் போகிறதை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். எடுத்துக்கோ என்றார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்கு ரொட்டி வாங்கியதில்லை.

ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறப்போட வேண்டும். தேதி முடியப்போகிற பால் விலை குறைத்துக் கிடைக்கும், அது போதும். வட்டலப்பத்துக்கு ஊரில் டஜன் கணக்கில் முட்டை உடைப்பார்கள். இதற்கு ஒரு முட்டை, சர்க்கரை, ஒரு ஏலக்காய். பிசைந்து கிண்ணத்தில் ஊற்றி, மூடி, தண்ணீர் கொதிக்கிற சட்டிக்குள் வைத்து வேகவிட வேண்டும். ஈர்க்குச்சிக்குப் பதிலாகக் கத்தி முனையால் குத்திப் பார்ப்பேன். ஒட்டாமல் வந்தால் ஆயிற்று.

சோறு மீந்தால் பால்சோறு. கறுத்த வாழைப்பழம் இருந்தால் அதைப் பிசைந்து ரவையோடு கிண்டுவேன். ஒன்றும் இல்லாத நாளில் கடல்பாசி. ஊருக்குப் போனால் அதைத்தான் பெட்டியில் நிறைய வைத்து வருவேன். கனமே இல்லை. வைக்கோல் மாதிரி இருக்கும். தண்ணீரில் காய்ச்சிச் சர்க்கரை போட்டுத் தட்டில் ஊற்றினால் குளிர்பெட்டி இல்லாமலே உறையும். எங்களுக்கு முதல் குளிர்பெட்டி வந்தபோது ரிஹானா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

பல நாள் ராத்திரிச் சாப்பாடே அதுதான். அவளுக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி இனிப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவரவர் தாயிடம் அழுதார்களாம்.

வளர்ந்த பிறகு அவளுக்கு இது பிடிக்காமல் போயிற்று. வெட்கப்பட்டாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கோட்டு வாங்கி வந்தாள். நல்ல கம்பளி. போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பில் பையிலேயே இருந்தது. மறுநாள் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை அவள் கையில் வைத்தேன். இந்த ஊரில் அது ஒரு நல்ல வசதி. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வாங்கி வந்த கைப்பையையும் மிக்சியையும் அப்படித்தான் செய்தேன்.

3

எனக்குப் பிரெஞ்சு ரிஹானா சொல்லிக் கொடுத்தது. வகுப்புக்கெல்லாம் போகவில்லை. அவள் பேசுகிறதைக் கேட்டுப் பேசினேன். பிரெஞ்சில் பிள்ளை தாயிடம் 'நீ' என்றுதான் பேசும். அதனால் நான் எல்லாரையும் 'நீ' என்றேன். டாக்டரை, போலீஸை, அரசாங்க அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மாவை. அந்த அம்மா ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாம் ஒன்றாகப் பள்ளியில் படித்தோமா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. இல்லை என்றேன். நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டேன் என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்ற ரிஹானா தரையைப் பார்த்தாள். வெளியே வந்து சொன்னாள்.

"உம்மா, பெரியவங்களுக்கு வேற வார்த்தை இருக்கு."

"அத நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எனக்கு உம்மாதானே. எங்கிட்ட அதப் பேசவே வேணாமே."

அவளுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும்.

எங்கள் கட்டடத்தில் எதிர்க்கதவில் ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தார். தனி ஆள். நோன்பு வந்ததும் ஒரு தட்டில் கடல்பாசியை வில்லை வில்லையாக வெட்டி, ரிஹானாவிடம் கொடுத்தனுப்பினேன். தட்டு மறுநாள் வந்தது. பளபளவென்று கழுவியிருந்தது. வெறும் தட்டு. ரிஹானா அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அவங்களுக்கு நம்மளப் புடிக்கலியா உம்மா?"

"அவங்களுக்கு வழக்கம் தெரியாது. விடு."

அவள் விடவில்லை. அடுத்த தடவை தட்டு கொண்டுபோனபோது அந்தம்மாவிடமே சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் தட்டு வெறுமையாக வரக் கூடாது, ஒரு சர்க்கரைக் கட்டியாவது போதும் என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கூசிப்போனேன். அந்தம்மா சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் தட்டில் ஒரு சாக்லேட் வரும். அவர் வீடு மாற்றிப் போகிற வரைக்கும் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன். வழக்கம் தெரியாமல் அவள் டப்பாவை அனுப்பியிருக்க முடியாது. அந்த வழக்கத்தை இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்.

4

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீடு கொடுக்க வேண்டும். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் வாப்பாவால் எனக்கு ஒரு கூரையைக்கூடக் கொடுக்க முடியவில்லை. வந்த இடமெல்லாம் வீட்டைக் கேட்டுவிட்டுப் போய்விட்டது. கடைசியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு மாப்பிள்ளை வந்தார். வீடு வேண்டாம், பெண்ணை அங்கே கூட்டிப் போய்விடுவேன் என்றார். அப்படித்தான் நான் இங்கே வந்தேன். அவர் நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வீடு இல்லாததால் அனுப்பப்பட்டவள் என்பது எனக்கு மறக்கவில்லை.

ரிஹானா பிறந்த அன்றைக்கே நினைத்தேன். இவளுக்கு வீடு இல்லை என்று ஒருத்தன் எழுந்து போகக் கூடாது.

காரைக்காலில் ஒரு மனை வாங்கினோம். பிறகு அஸ்திவாரம். பிறகு சில வருஷம் அப்படியே நின்றது. பிறகு சுவர். நாங்கள் தின்ற ரொட்டி வட்டலப்பம் எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. போன கோடையில் முடிந்தது. பளிங்குத் தரை, மாடி, ஒவ்வொரு அறைக்கும் ஏசி. மூன்று பேரும் போய் மௌலூது ஓதிக் குடிபுகுந்தோம். நான் கடல்பாசி காய்ச்சி, பத்துப் பன்னிரண்டு தட்டு ஊற்றி, ரிஹானாவிடம் கொடுத்தேன். தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் போனாள். திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது.

மூணாவது வீட்டு சம்சு லாத்தா அவளிடம் சொல்லியிருக்கிறார். "ஒனக்குத்தான் புள்ள இவ்வளவும். மாப்புள வந்து ஏற வேண்டியதுதான் பாக்கி."

ரிஹானா தட்டுகளை அடுப்பங்கரை மேடையில் வைத்தாள். எல்லாத் தட்டிலும் ஏதோ இருந்தது. முறுக்கு, வாழைப்பழம், சர்க்கரை.

"இது எனக்கா உம்மா?"

"வேற யாருக்கு?"

"என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? பொண்ணுக்கு வீடு குடுக்குறது கேட்டா குடுப்பாங்க?"

அவர் கூடத்தில் விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வாப்பா, நான் இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஹால்ல சோபாவுல படுத்தேன். எனக்கு ஒரு கதவு கெடையாது. ராத்திரிக்குப் பழைய ரொட்டி. நான் அத இனிப்புன்னு நெனச்சேன். இங்க இந்தப் பளிங்குல யார் நடக்கப் போறா? நான் இங்க வந்து இருக்கப்போறது இல்ல. நீங்களும் இருக்க முடியாது."

"நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றார் அவர்.

"பில்லு இருக்கா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "இருந்தா திருப்பிக் குடுத்துருங்க. கோட்டக் குடுத்தீங்கல்ல."

நான் தட்டில் இருந்ததை எல்லாம் தனித்தனியாக எடுத்து வைத்தேன். சர்க்கரையை ஒரு பாட்டிலில் கொட்டினேன். திரும்பி வரும் வழியில் விமானத்தில் அவள் எங்கள் பக்கத்தில் உட்கார இடம் இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாள். குளிர் தொடங்குமுன் அறை பார்த்துக்கொண்டு போனாள்.

5

நாங்கள் அங்கே இருக்க முடியாது என்று அவள் சொன்னது நிஜம். அவருக்கு ஓய்வூதியம் கொஞ்சம். மீதிக்கு இந்த அரசாங்கம் முதியோர் உதவி தருகிறது. அதை வாங்குகிறவர் வருஷத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்க வேண்டும். ஊருக்குப் போய்வந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைக் காட்டச் சொல்லலாம். வீடு கட்ட ஆரம்பிக்கும்போது இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டியிருப்போம் என்று நினைக்கிறேன்.

அதனால் அவர் வீட்டைப் போனில் பார்க்கிறார். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று கேமரா வைத்துவிட்டு வந்தார். மத்தியானம் முழுக்கச் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார். சம்சு லாத்தா வாரத்துக்கு ஒரு நாள் பெருக்க வருவார். அவரைத் தவிர ஒரு பூனை. எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லை. பளிங்குத் தரையில் நடுவில் வந்து படுத்துக்கொள்கிறது.

"இன்னக்கி மாடிப்படிகிட்ட படுத்திருக்குது" என்பார்.

"வெரட்டச் சொல்லுங்க லாத்தாட்ட."

"இருந்துட்டுப் போவுது. யாராவது ஒருத்தர் இருக்கட்டும்."

டப்பா வந்த அன்று அதை அவரிடம் காட்டினேன். வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்குப் பூனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"புள்ள பெருநாளைக்கு வராதோ" என்று மட்டும் கேட்டார்.

எனக்கும் அதுதான் கவலை. வீடு பூட்டிக் கிடக்கட்டும், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். பெருநாள் காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து பசியாறுவதை நினைக்க முடியவில்லை.

6

அந்த டப்பாவை இரண்டு நாள் மேடையிலேயே வைத்திருந்தேன். வேறு எதற்கும் எடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். அதில் எதுவும் வைக்கவில்லை. என்ன வைப்பது என்று தெரியவில்லை.

அவள் அறைக்கு நான் போனதே இல்லை. விலாசம் அவர் சொன்னார். கதவைத் திறந்தவள் என்னையும் பையையும் பார்த்தாள்.

"வாங்க உம்மா. சொல்லாம வந்துட்டீங்க."

"சொன்னா இருப்பியோ என்னமோ."

சிறிய அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, அடுப்பு. மேசையில் பாதி குடித்த காப்பி இருந்தது. நோன்பு மாதம், பகல் நேரம். அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காப்பி என் மனதில் இருக்கிறது.

பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது வெறுமையா வந்துச்சு."

"கழுவித்தானே வச்சேன்."

"கழுவுனது சரி. ஒனக்குத் தெரியாதா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"தெரியும். அன்னக்கி இதக் கையில வச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் கடை கடையா ஏறி எறங்குனேன். என்னத்தப் போடுறதுன்னு. எதப் போட்டாலும் எதுக்கு வீண் செலவுன்னு சொல்லுவீங்க. மறுநாளு கடைக்குப் போயிரும். கோட்டு போச்சு, பை போச்சு, மிக்சி போச்சு. நான் குடுத்தது ஒண்ணாவது நம்ம வீட்டுல இருக்கா? சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"பணத்த ஒங்கிட்டதானே குடுத்தேன்" என்றேன்.

"நான் பணத்தையா குடுத்தேன் உம்மா?"

என் பழைய குளிர்காலக் கோட்டு மேலேயே இருந்தது. உள்துணி கிழிந்திருந்தது. கையை மடித்து வைத்து அதை மறைத்தேன். அவள் அதையும் பார்த்துவிட்டாள். எதையும் விடமாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் டப்பாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"என்ன?"

"இப்ப போடு. என்ன இருக்கோ அத."

அவள் என்னைப் பார்த்தபடியே எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஏதோ வெள்ளையாக உறைந்திருந்தது. மேலே ரோஜா இதழ் ஒட்டியிருந்தது. இரண்டை எடுத்து டப்பாவில் வைத்தாள்.

"கடையில வாங்குனது. வெலை சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கலியே."

"வாய் வரைக்கும் வந்துருச்சு, பாத்தேன்."

உண்மைதான், வந்துவிட்டது. வேறு கேள்வி கேட்டேன்.

"இதுல ஒறைய வக்கிறதுக்கு என்ன போட்டுருக்கான்? இங்க பன்னி எலும்புலேருந்து எடுத்ததப் போடுவானே."

அவள் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "பாத்துத்தான் வாங்குனேன். கடப்பாசிதான். இங்க அதுக்குப் பேரு வேற. உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிப் பணக்காரங்க வாங்குறாங்க. நீங்க ராத்திரிக்கு ஊத்தி வப்பீங்கல்ல, அதே சாமான்தான்."

"அப்ப அதையே செஞ்சிக்கலாமே."

"வரல. ரெண்டு தடவ செஞ்சேன். ஒண்ணு தண்ணியா நின்னுச்சு, ஒண்ணு கல்லா ஆயிருச்சு."

"கொதிச்சப்பறமாப் பாலு ஊத்துனியா, முன்னாடியேவா?"

"முன்னாடி."

"கரையுமா அப்பறம்? தண்ணியில கரைச்சிட்டு ஊத்தணும்."

அவ்வளவுதான் பேசினோம். வீட்டைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இரண்டு பேரும் மறுபடி அங்கேயே போய் நின்றிருப்போம். பெருநாளைக்கு வருவாயா என்று கேட்டேன். லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்றாள். அதற்கு ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"குப்பியத் தூக்கிப் போட்டுறாதீங்க. எனக்கு வேணும்."

அப்போதுதான் அடுப்புக்கு மேல் பலகையைப் பார்த்தேன். அதே மாதிரிக் குப்பிகள், கழுவித் துடைத்து, வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒன்றில் உப்பு, ஒன்றில் மிளகு. மற்றவை காலி.

7

நோன்பு திறந்து, கஞ்சி குடித்த பிறகு டப்பாவைத் திறந்தேன். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். மறுபடி ஒரு கரண்டி.

"நம்ம வீட்டுக் கடப்பாசி மாதிரிதான் இருக்கு. பூவு மட்டும்தான் சேத்தி. எவ்வளவாம்?"

"கேக்கல."

"பில்லு இருக்கா?"

"இல்ல."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குப்பியின் அடியை வழித்துத் தின்றார். போனில் வீட்டைத் திறந்து பார்த்தார். அங்கே நடு ராத்திரி. கூடம் இருட்டாக இருந்தது, பூனை தெரியவில்லை.

வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. விற்பதா, பூட்டியே வைப்பதா என்று அவரும் நானும் இன்னும் பேசவில்லை. அவள் அந்த வீட்டுக்கு வர மாட்டாள். அந்த வீட்டுக்கு என்று ஒரு மாப்பிள்ளையும் வரப்போவதில்லை. படுத்தால் இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

இரண்டு குப்பிகளையும் கழுவி மேடையில் கவிழ்த்து வைத்தேன். நாளைக்குக் காப்பகத்திலிருந்து ரொட்டி வரும். கடல்பாசி ஒரு கட்டு இருக்கிறது. இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குப்பிகள் அவளுடையவை. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது.